ஆலைச் சாலையில் சைக்கிள்

மேற்குத் தொடர்ச்சி மலையைக் கண்டவாறே செல்லும் ஸ்ரீவில்லிபுத்தூர்–ராஜபாளையம் சாலை, ஏறக்குறையப் பதினொரு கிலோமீட்டர் நீளமே உடையதாயினும், சாதாரண ஜனங்களின் பிரயாண சரித்திரம் முழுவதையும் அதில் காணலாம். 1927-இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை திறக்கப்பட்டு, 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஸ்தாபித்து, பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாகப் பெருகிய காலத்தில், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் காத்திராமல் ஷிப்டு வேளைக்குப் போய்ச் சேர வேண்டிய தொழிலாளிக்கு உற்ற துணையாயிருந்தது சைக்கிளே. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஏற்பட்டு, சீமைச் சரக்காயிருந்த அவ்வாகனம் உள்நாட்டுச் சரக்கான பிறகு, பால்காரரும் நெசவாளரும் ஆசிரியரும் அதன்மேல் ஏறினர். வாங்க இயலாதவர்களுக்கு வாடகைச் சைக்கிள் கடைகள் இருந்தன.

மோட்டார் சைக்கிள் பெருகவே அந்தக் கடைகள் மறைந்தன. 2001-02-இல் தொடங்கிப் படிப்படியாக விரிந்த அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டத்தால் மாணவர்களிடம் மட்டும் சைக்கிள் ஓட்டும் வழக்கம் உயிரோடிருந்தது.

இந்நிலையில்தான் கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 24 மாலை முதல் தடையுத்தரவு வந்தது. பஸ் நின்றது, ரயில் நின்றது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் ஆடிப்பூரத் தேரும் அவ்வாண்டும் மறு ஆண்டும் வீதியில் ஓடவில்லை. மோட்டார் வாகனங்களைப் போலீசார் பறிமுதல் செய்துவந்த அந்நாட்களில், பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்துப் பெரியவர்கள் எடுத்துச் சென்றனர். ஜூனில் ஓரளவு ஓடிய பஸ்களும் ஜூலையில் மறுபடி நின்று, செப்டம்பர் 1-இல்தான் மாவட்டத்துக்குள் திரும்பின. சாகிபாபாத்தின் அட்லஸ் சைக்கிள் தொழிற்சாலை ஜூன் 3-இல் மூடப்பட்டதாயினும், அடுத்த சில மாதங்களில் தேசமெங்கும் சைக்கிளின் கிராக்கி உயர்ந்தது.

ஆயினும் அந்த மாற்றம் நிலைக்கவில்லை. 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் அளிக்கப்பட்டதால், தொற்று தணிந்ததும் அவர்கள் பஸ்ஸை நாடியது நியாயமே. ஆண்களோ மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினர். நிர்ப்பந்தத்தால் வந்த வழக்கம் நிர்ப்பந்தம் நீங்கியதும் போய்விடும். வசதியும் பாதுகாப்பும் அமைந்தால்தான் அது வேரூன்றும். பெண்களுக்குப் பஸ்ஸில் செய்துகொடுத்த அந்த ஏற்பாட்டுக்கு ஈடான ஒன்றைச் சைக்கிளுக்கு எவரும் செய்யவில்லை. லாரிகள் விரையும் இத்தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதையும், நிழல் மரங்களும், இரு ரயில் நிலையங்களிலும் பத்திரமான நிறுத்துமிடமும் அமைப்பது அரசுக்கும் நகராட்சிகளுக்கும் இயலாத காரியமன்று. அடுத்த தொற்று வரும்வரை காத்திராமல் அதை இப்பொழுதே செய்ய வேண்டும்.