மஞ்சள் மண்ணின் வழக்கு

நான் பள்ளியில் பயின்ற நாளில் பூகோளத் தேர்வில் தவறாது வரும் வினா ஒன்று உண்டு. 'சீனத்தின் துயரம் என்று வழங்கப்படும் நதி எது?' ஹுவாங்ஹோ என்று ஒரே சொல்லில் விடை எழுதி ஒரு மதிப்பெண் பெற்றுவிடுவோம். அந்த நதி ஏன் மஞ்சளாக ஓடுகிறது, அதில் கலந்து வரும் மண் யாருடைய நிலத்து மண் என்று எங்களை எவரும் கேட்டதில்லை. நாங்களும் ஆசிரியரைக் கேட்டதில்லை. வரலாறு கற்பிக்கும் தொழிலுக்கு வந்த பிறகே, அந்த ஒற்றை மதிப்பெண் விடைக்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டு வழக்கு ஒன்று நடந்து வருவதை அறிந்தேன். வழக்கு என்று வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. குற்றவாளி நதியா, மண்ணா, மண்ணை உழுத குடியானவனா, அவனை அங்கே உழ அனுப்பிய அரசா என்பதே அவ்வழக்கு.

முதலில் அந்த மண்ணைப் பார்ப்போம். வட சீனத்தில் ஷென்சி, ஷான்சி, கான்சு முதலிய மாகாணங்களில் ஏறத்தாழ 6,40,000 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் ஒரு பீடபூமி விரிந்து கிடக்கிறது. பாறைமேல் கையளவு மண் படிந்த மேட்டுநிலம் அன்று அது. பல இடங்களில் 100 மீட்டர், சில இடங்களில் 200 மீட்டருக்கும் மேலாக மண்ணே மண்ணாக நிற்கும் நாடு. உள்ளாசியப் பாலைகளிலிருந்து காற்று வாரிக்கொண்டு வந்து தூவிய நுண்தூசி, இருபத்தைந்து லட்சம் ஆண்டுகளாக ஆண்டுக்கு ஒரு மெல்லிய படலமாகப் படிந்து அவ்வுயரத்தை அடைந்தது. நம் பாடநூல்கள் இதனைக் காற்றடி வண்டல் என்கின்றன; மேனாட்டார் லோயெஸ் என்பர். 1868 முதல் 1872 வரை சீனத்தில் பயணம் செய்த ஜெர்மானிய அறிஞர் ரிக்டோஃபென், இது நீர் கொணர்ந்த மண் அன்று, காற்று கொணர்ந்த மண் என்று வாதிட்டார். பிற்காலத்தில் சீன அறிஞர் லியூ துங்ஷெங் அந்த மண் அடுக்குகளை ஏடு புரட்டுவதுபோல ஆராய்ந்து, பழைய உலகத்தின் வெப்ப தட்ப மாறுதல்களையே அவற்றில் படித்துக் காட்டினார்.

இம்மண்ணின் குணம் விசித்திரமானது. கையில் எடுத்தால் மாவுபோல் இருக்கும். செங்குத்தாக வெட்டிவிட்டாலோ சுவர்போல் நிற்கும். நுண்துகள்களைச் சுண்ணாம்புச் சத்து இலேசாகப் பிணைத்து வைத்திருப்பதே காரணம். துகள்களுக்கிடையே நுண்துளைகள் நிறைய உண்டு. ஆதலால் மேலே விழும் மழைநீர் தேங்கி நிற்பதில்லை; கீழே கீழே இறங்கி, வேருக்கு எட்டும் ஆழத்தில் ஈரமாகத் தங்கும். ஆண்டு மழை பெரும்பாலும் 300 முதல் 600 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும் குறைமழை நாட்டில், இத்தகைய ஆழமும் வடிகாலும் உள்ள மண் ஒரு வரப்பிரசாதமேயாகும். மண்ணே ஏரியாக இருந்து நீரைக் காத்துத் தருகிறது.

ஆனால் ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து அதன் அடியை நீரில் தொட்டுப் பாருங்கள். நீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும், கணப்பொழுது நிற்கும், பிறகு பொலபொலவென்று சரியும். லோயெஸ் மண்ணும் இப்படித்தான். புல்லும் புதரும் மேலே போர்த்தியிருக்கும்வரை நீர் மெல்ல இறங்கும். போர்வை போய்விட்டால் மழைத்துளியின் அடியில் மேற்பரப்பு குழைந்து, துளைகள் அடைபட்டு, நீர் உள்ளே செல்ல வழியின்றிச் சரிவில் ஓடத் தொடங்கும். ஓடுகிற நீர் மண்ணைக் கரைத்து வாய்க்கால் வெட்டும். வாய்க்கால் அகன்று ஓடைப்பள்ளமாகும். பள்ளத்தின் இருபுறமும் சுவர் சுவராக இடிந்து விழும். மழையிலே பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையுள்ள சில புயல்களில் கொட்டிவிடுவதால் சேதம் இன்னும் மிகுதி. ஒரு காலத்தில் மேசைபோல் இருந்த நிலம் இன்று மூவகையாகப் பிளவுபட்டுக் கிடக்கிறது. எஞ்சிய தட்டைநிலத்தை அந்நாட்டார் 'யுவான்' என்பர். நீண்ட முதுகாக நிற்பதை 'லியாங்' என்பர். குவிந்த மேடாக நிற்பதை 'மாவ்' என்பர். நிலம் சிதைந்த கதையை மூன்று சொற்களில் சொல்லிவிட்டார்கள்.

இந்த மண்ணிலே மனிதன் குடியேறியது மிகப் பழங்காலத்தில். இன்றைய சியான் நகருக்கருகே பான்போ என்னுமிடத்தில் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சிற்றூர் ஒன்றை அகழ்ந்தெடுத்தார்கள். அங்கே கிடைத்த தானியம் எது தெரியுமா? தினை. நம் குறிஞ்சி நிலத்துக் குறமகளிர் கிளி ஓட்டிக் காத்த அதே தினைதான். எளிதில் கிளறத்தக்க மண்ணும் குறைந்த மழைக்கு விளையும் தினையும் சேர்ந்து அங்கே ஒரு நாகரிகத்தை வளர்த்தன.

வீடு கட்டவும் அவர்கள் மரத்தை நாடவில்லை. மேட்டின் சுவரைக் குடைந்து உள்ளே வாழ்ந்தார்கள். வேனிலில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் கதகதப்பும் தரும் இக்குகை வீடுகளுக்கு 'யாவ்துங்' என்று பெயர். 1939 பிப்ரவரியில் யெனான் சேர்ந்த நம் நாட்டு மருத்துவக் குழுவினர், டாக்டர் கோட்னிஸ் உட்பட, இத்தகைய குகைகளிலேயே தங்கிப் பணி செய்தனர். எனினும் தாயின் மடிபோன்ற அந்த வீடே ஒருநாள் சவக்குழியும் ஆயிற்று. 1556 ஜனவரி 23ஆம் நாள் வெய் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நேர்ந்த நிலநடுக்கத்தில் 8,30,000 பேர் மாண்டதாகச் சீன ஏடுகள் கணக்கிட்டுள்ளன. மனிதகுலம் அறிந்த நிலநடுக்கங்களுள் இவ்வளவு பேரைக் கொன்றது வேறில்லை. குகைகள் உள்ளே இருந்தவர்களோடு சரிந்ததே இழப்பு இத்துணைப் பெருகியதற்குப் பெருங்காரணம்.

இனி வழக்கிற்கு வருவோம். பண்டைச் சீனர் இந்நதியை வெறுமனே 'ஹோ', அதாவது ஆறு, என்றே அழைத்தனர். மஞ்சள் என்ற அடைமொழி ஹான் வமிசத்தார் காலத்தில்தான் ஏடுகளில் தலைகாட்டுகிறது. அக்காலத்தில் என்ன நடந்தது? வடக்கே ஷியுங்னு என்னும் குதிரைவீர இனத்தாரோடு வூ பேரரசர் ஓயாது போரிட்டார். வென்ற எல்லையைக் காக்க வேண்டுமானால் அங்கே உழவர் இருக்க வேண்டும். உழவர் இருந்தால்தான் படைக்குத் தானியம். ஆகவே கி.மு. 119ஆம் ஆண்டில் கிழக்கிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடிகளை அரசே மேற்கேயும் வடமேற்கேயும் குடியேற்றியது. ஆடு மேய்ந்த புல்வெளிகள் கழனிகளாயின. சரிவு, சமம் என்ற வேறுபாடின்றி ஏர் ஏறியது.

அதற்குச் சில ஆண்டு முன்னரே, கி.மு. 132இல், கீழ்நாட்டில் ஹூட்சு என்னுமிடத்தில் நதி கரையை உடைத்துக்கொண்டது. இருபதாண்டுக்கு மேல் அவ்வுடைப்பு மூடப்படாமலே கிடந்தது. கி.மு. 109இல் பேரரசர் நேரில் வந்து நின்று மூடச் செய்தார். உடன்வந்த அதிகாரிகளும் புதர்க்கட்டுகளைச் சுமந்தார்கள். சுமந்தவர்களுள் ஒருவர் வரலாற்றாசிரியர் சீமா சியான். எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு முதுகிலே விறகு சுமந்த ஒரு வரலாற்றாசிரியரை நினைக்கும்போதெல்லாம், நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்தும் எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்கத்தில் ஓர் ஹான் அதிகாரி, ஆற்றுநீரில் பத்துக்கு ஆறு பங்கு சேறே என்று மக்கள் சொல்வதாகக் குறிப்பிட்டார். கணக்கு மிகைதான்; கவலை மெய்.

கி.பி. 69, 70 ஆண்டுகளில் வாங் ஜிங் என்ற பொறியாளர் நதிக்குப் புதிய கரைகள் அமைத்தார். அதன்பின் ஒரு வியப்பு. ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு நதி பெரும்பாலும் அடங்கிக் கிடந்தது. கரை நன்றாகக் கட்டப்பட்டதே காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1962இல் தான் சீஷியாங் என்னும் சீன வரலாற்று நிலநூல் அறிஞர் வேறொரு விடை தந்தார். கரையைப் பார்க்காதீர்கள், மேல்நாட்டுச் சரிவுகளைப் பாருங்கள் என்றார் அவர். பிற்கால ஹான் அரசு தளர்ந்ததும் உழவர் பீடபூமியை விட்டு அகன்றனர், மேய்ச்சல் இனத்தார் மீண்டும் வந்தனர், கழனி திரும்பவும் புல்வெளியாயிற்று, மண் கீழே வருவது குறைந்தது, நதி அடங்கிற்று. இதுவே அவருடைய வாதம்.

இதனை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. கலகமும் குழப்பமும் மிக்க அந்நூற்றாண்டுகளில் உடைப்புகளைக் குறித்து வைக்க ஆளில்லாமல் போயிருக்கலாம் என்பர் சிலர். மனிதன் ஏர் பூட்டுவதற்கு முன்பே இந்த மண் கரைந்துகொண்டுதான் இருந்தது. கீழ்நாட்டுப் பெருஞ்சமவெளியே அப்படி உருவானதுதானே என்பர் வேறு சிலர். அதுவும் உண்மை. ஆயினும் தான் சீஷியாங் வாதத்தில் ஓர் அடிப்படை நேர்மை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கீழே கரை உடையும்போது மேலே ஏர் பிடித்தவன் யார் என்று கேட்கத் துணிந்தது அது. அவன் அங்கே தானாக வந்தானா, அனுப்பப்பட்டானா என்பது அடுத்த கேள்வி; அதைக் கேட்டால் குடியானவனைக் குற்றக்கூண்டில் ஏற்ற நமக்கு மனம் வராது.

கரை கட்டியோரின் கதை நீண்டது. பதினாறாம் நூற்றாண்டில் பான் ஜீஷுன் என்ற அமைச்சர், நதியை ஒடுக்கினால் அதன் வேகமே மண்ணைத் தள்ளிச் செல்லும் என்று கரைகளை நெருக்கிக் கட்டினார். நுட்பமான யோசனைதான். ஆனால் மண் வந்துகொண்டே இருந்தது. ஆற்றின் படுகை உயர, கரையை உயர்த்த, மீண்டும் படுகை உயர, இறுதியில் சுற்றியுள்ள ஊர்களைவிட உயரத்தில் ஓடும் நதியாயிற்று அது.

மேலே உயர்ந்து ஓடும் அந்த நதியைக் கண்டு திகைத்தவர்களுள் ஒருவர் லௌடர்மில்க் என்ற அமெரிக்கக் காட்டியல் வல்லுநர். 1922 முதல் 1927 வரை நான்கிங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், சேறு வரும் வழியே மேல்நோக்கிப் பயணம் செய்து பீடபூமியை அடைந்தார். வானிலை மாறி வறண்டு போனதால்தான் இந்நாடு பாழாயிற்று என்று அக்காலத்தில் பலர் நம்பினர். ஷான்சியில் அவர் கண்ட ஒரு காட்சி அந்நம்பிக்கையை அசைத்தது. சுற்றிலும் மலைகள் மொட்டையாய்ப் பிளந்து கிடக்க, பௌத்தக் கோயில்களைச் சூழ்ந்த தோப்புகளில் மட்டும் மரங்கள் செழித்து, தாமே விதை விழுந்து முளைத்துக்கொண்டிருந்தன. அதே மண், அதே சரிவு, அதே மழை. பின் வானிலையைக் குறை சொல்வது எப்படி? அவரும் சீனத் துணைவர்களும் கோயில் தோப்பிலும் மொட்டைச் சரிவிலும் பாத்திகள் அமைத்து, ஓடிவந்த நீரையும் மண்ணையும் அளந்தனர். போர்வையுள்ள நிலம் மழையைக் குடித்தது. போர்வையற்ற நிலம் அதைச் சேறாக்கி அனுப்பியது. துறவிகள் பக்தியால் காத்த சோலை விஞ்ஞானிக்குச் சாட்சியாக நின்றது.

சாட்சி கிடைத்தும் தீர்ப்பு விரைவில் வரவில்லை. 1957 ஏப்ரலில் சன்மென் என்னும் மலையிடுக்கில், சோவியத் பொறியாளர் வரைந்த திட்டப்படி மாபெரும் அணை ஒன்றைக் கட்டத் தொடங்கினர். மேல்நாட்டுச் சரிவுகளில் மண் காப்பு வேலைகள் நடக்கும், ஆதலால் வண்டல் விரைவில் பெரிதும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. ஹுவாங் வான்லீ என்ற பேராசிரியர் அதே ஆண்டில் இதனை எதிர்த்தார். அணை மண்ணைத் தடுக்கும். தடுத்த மண் மேல்நாட்டு ஊர்களையே மூழ்கடிக்கும். கட்டித்தான் தீர்வதென்றால் அடியிலுள்ள மதகுக் குகைகளையேனும் அடைக்காதீர்கள் என்று வேண்டினார். மதகுகள் அடைக்கப்பட்டன. ஹுவாங் வான்லீ வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டு நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டார்.

1960 செப்டம்பரில் நீர் தேக்கினார்கள். ஒன்றரை ஆண்டில் 150 கோடி டன் மண் நீர்த்தேக்கத்தில் படிந்துவிட்டது. வெய் ஆறு வந்து சேரும் துங்குவானில் படுகை நாலரை மீட்டர் உயர்ந்தது. பின்வாங்கிய நீர் பழம்பெரும் சியான் நகருக்கே அச்சம் தந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அணைக்காக வீடு வாசலை விட்டுப் போயிருந்தார்கள். பிற்பாடு பெரும்பொருள் செலவிட்டு, அடைத்த மதகுகளை மீண்டும் திறந்தார்கள். ஹுவாங் வான்லீயின் மீதிருந்த முத்திரை 1980இல் நீக்கப்பட்டது; அவர் 2001இல் காலமானார்.

இதன் பின்னரே கவனம் உண்மையாகச் சரிவுகளின் பக்கம் திரும்பியது. படிக்கட்டு வயல்கள் அமைத்தார்கள். ஓடைப்பள்ளங்களின் குறுக்கே தடுப்பணை கட்டி, ஓடிவரும் மண்ணை அங்கேயே நிறுத்தி, அதன்மேல் பயிரிட்டார்கள். 1999இல் தொடங்கிய திட்டத்தின்படி, 25 பாகைக்கு மேற்பட்ட செங்குத்துச் சரிவுகளில் உழவை விட்டுவிடும் குடியானவனுக்கு அரசு தானியமும் பணமும் அளித்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் உழுவதற்கென்று அனுப்பிய அதே சரிவிலிருந்து, உழாதிருப்பதற்கென்று கூலி கொடுத்து இறக்கியதை என்னென்பது! 1999இல் நூற்றுக்கு 31.6 பங்காக இருந்த பசுமைப் பரப்பு 2013இல் 59.6 பங்காயிற்று. முன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 160 கோடி டன் மண் சுமந்த நதி, இந்நூற்றாண்டில் சராசரியாக 30 கோடி டன்னுக்கும் குறைவாகவே சுமக்கிறது. அதில் அணைகளின் பங்கும் உண்டு. சரிவுகளின் பங்கு பெரிது.

ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. பசுமை வேண்டுமென்ற ஆர்வத்தில் மழை குறைந்த சரிவுகளிலும் வேகமாக வளரும் வேற்றுநாட்டு மரங்களை நட்டார்கள். ஆழ்ந்த மண்ணன்றோ? வேர்கள் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, நெடுங்காலமாகச் சேர்ந்திருந்த ஈரத்தை உறிஞ்சிவிட்டன. ஆண்டுதோறும் பெய்யும் சிறுமழை அந்த ஆழத்தை எட்டுவதில்லை. மேலே இலை பசுமையாயிருக்க, கீழே மண் உலர்ந்த அடுக்காகிவிட்ட தோப்புகள் அங்கே பல உண்டு. அவற்றில் மரங்கள் வளர்ச்சி குன்றி, இளமையிலேயே முதிர்ந்த தோற்றத்தோடு நிற்கின்றன. அத்தகைய இடங்களில் மரத்தை விடுத்துப் புல்லையும் புதரையும் விடுவதே நன்று என்று ஆராய்ச்சியாளர் பலர் இப்போது சொல்லி வருகின்றனர். ஷியுங்னுவின் ஆடுகள் மேய்ந்த காலத்தில் அச்சரிவுகளில் பலவற்றைப் போர்த்தியிருந்ததும் புல்தான்.