விருந்தினருடன் பேசும் முறை: தமிழ் இல்ல வழக்கு

வீட்டுக்கு வந்தவரை அழைப்பது, நலம் விசாரிப்பது, உண்ணச் சொல்வது, வழியனுப்புவது ஆகியவற்றில் தமிழ்க் குடும்பங்கள் கடைப்பிடிக்கும் பேச்சு வழக்குகளே விருந்தினருடன் பேசும் முறை எனப்படுகிறது. ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் சொற்கள் மாறும். அடியில் ஓடும் எண்ணம் பெரும்பாலும் ஒன்றுதான். தனக்கு வேண்டியதை விருந்தினர் வாய்திறந்து கேட்கும் நிலை வரக்கூடாது. இல்லாததை ‘இல்லை’ என்று சொல்லிக் கூசும் நிலை வீட்டாருக்கும் வரக்கூடாது.

பழஞ்சான்றுகள்

திருக்குறளில் இன்று வழங்கும் வரிசைப்படி விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். அதை அடுத்து வருவது இனியவை கூறல். விருந்தோம்பலின் கடைசிக் குறளில் (90) சோற்றைப் பற்றிய பேச்சே இல்லை. அனிச்சப்பூ மோந்தால்தான் வாடும். விருந்தினரோ வீட்டாரின் முகம் சற்று மாறினாலே வாடிவிடுவார் என்பது அதன் கருத்து. முகம் மலர்ந்து தரும் உப்பில்லாக் கூழும் அமுதம், முகம் கடுத்துத் தரும் பாலன்னமும் பசியையே கூட்டும் என்று விவேகசிந்தாமணிப் பாடல் ஒன்றும் சொல்கிறது.

இவ்வழக்கின் பழமையை மிகத் தெளிவாகக் காட்டுவது பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படை. முடத்தாமக்கண்ணியார் பாடிய இந்நூலில், கரிகாலனிடம் தங்கிய பொருநன் இரவும் பகலும் ஊன் தின்று பல் மழுங்கிப்போகிறான். ஊருக்குப் போக வேண்டும் என்பதை அவன் மெதுவாகத்தான் வெளியிடுகிறான். கரிகாலனோ கோபம் கொண்டவன்போல் நோக்கி, அதற்குள் எம்மை விட்டுப் போகிறீர்களா என்கிறான். பிறகு பரிசுகள் தந்து, ஏழடி பின்னே நடந்து வந்து வழியனுப்புகிறான். தயங்கித் தயங்கி விடைகேட்கும் விருந்தினர், பொய்க்கோபம் காட்டும் வீட்டார், வாசல்வரை கூட வருதல்: மூன்றும் இன்றைய வீடுகளில் அப்படியே இருக்கின்றன. “இப்பவே கிளம்பணுமா? அப்படி என்ன அவசரம்?” என்று அத்தை முகம் சுளிப்பது கரிகாலன் காட்டிய அதே கோபம். அந்தக் கோபம் வராவிட்டால்தான் விருந்தினர் மனம் சங்கடப்படும்.

பேச்சில் தகவு பார்ப்பதை இலக்கணமும் கணக்கில் எடுத்துக்கொண்டது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிக்கிறது. இவற்றில் மங்கல வழக்கு வீட்டுப் பேச்சில் ஆழ ஊன்றியது. விளக்கை ‘அணை’ என்னாமல் ‘குளிர வை’ என்பதும், அரிசி தீர்ந்ததை ‘நிறைஞ்சிருக்கு’ என்பதும் அவ்வகை.

அழைத்தல்

முதற்சொல் ‘வாங்க’. அதைக் குடும்பத்தலைவர் மட்டும் சொன்னால் போதாது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை உட்பட, வந்து சொல்ல வேண்டும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. “வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்கலை” என்ற குறை சொந்தங்களுக்குள் பல்லாண்டுப் பேச்சுவார்த்தையையே முறித்திருக்கிறது. வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்த பிறகே வந்த காரியம் பேசப்படும். “என்ன விஷயமா வந்தீங்க?” என்று எடுத்த எடுப்பில் கேட்பது விரட்டுவதற்குச் சமமாகக் கருதப்படுகிறது. உதவி கேட்டு வந்தவரானால், அவர் தானாக வாய்திறக்கும்வரை ஊர்க்கதை பேசி நேரம் கொடுப்பதே பண்பு.

மரியாதையின் அளவு வட்டாரப் பேச்சில் நுட்பமாக வேறுபடும். கொங்கு நாட்டில் ‘ஆமாங்க’, ‘சரிங்க’, ‘இல்லீங்க’ என்று ஏறக்குறைய ஒவ்வொரு பதிலிலும் ‘ங்க’ ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் ‘வாங்கோ, இருங்கோ’ என்று வரவேற்பார்கள். ‘நீ’க்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் நடுவே ‘நீர்’ என்ற இடைநிலையும் அங்கே உயிரோடு இருக்கிறது. மலேசியத் தமிழரிடமும் தமிழ் முஸ்லிம்களிடமும் காலை உணவைப் பற்றிய விசாரிப்பு ‘பசியாறிட்டீங்களா?’ என்று அமையும். முன்பின் அறியாதவரையும் அண்ணன், அக்கா, ஐயா, அம்மா என்று உறவுக்குள் இழுத்துக்கொள்வது எல்லா வட்டாரத்துக்கும் பொது.

உண்ணச் சொல்லுதல்

இங்கேதான் வழக்கு மிக நுட்பமானது. “சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் விருந்தினரின் வாயிலிருந்து ‘ஆமாம்’ வரவேண்டியிருக்கிறது. பசியோடு வந்தவருக்கும் அது கூச்சம் தரும். ஆகவே விவரமறிந்தவர்கள் கேள்வியாகக் கேட்பதில்லை. “கை கழுவிட்டு வாங்க, இலை போட்டாச்சு” என்று முடிந்த காரியமாகவே சொல்லிவிடுவார்கள். பரிமாறும்போதும் அப்படித்தான். ‘வேணுமா?’ என்பது தவிர்க்கப்படும். ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க’ என்பதே சரியான சொல்.

விருந்தினரின் பங்கும் இதே அளவு நுட்பமானது. “இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்” என்பது பலநேரம் உண்மைத் தகவல் அல்ல. எதிர்பாராமல் வந்த தனக்காக அடுப்பு மூட்ட வேண்டாம் என்று அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தரும் விடுதலை. அது உண்மையான மறுப்பா, உபசார மறுப்பா என்பதைக் குரலையும் நேரத்தையும் வைத்து வீட்டார் கணிக்க வேண்டும். மறுபடி ஒருமுறை வற்புறுத்திப் பார்ப்பது முறை. கையை இலைக்கு மேலே குறுக்கே நீட்டிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். காப்பி என்றால் ‘ஒரு வாய்’, சோறு என்றால் ‘ஒரு கை’ என்று அளவைக் குறைத்துச் சொல்லி இரு தரப்பும் ஒரு முடிவுக்கு வருவது நயமான வழி. சர்க்கரை நோய் பரவலாகிவிட்ட இக்காலத்தில் மட்டும் இவ்வற்புறுத்தலின் பழைய அளவு பொருந்தாது. ‘ஒரு லட்டுனால ஒண்ணும் ஆயிடாது’ என்பது அன்பின் சொல்லாகவே இருந்தாலும், மாத்திரை போடுகிறவரைத் தன் நோயை எல்லார் முன்னாலும் விளக்க வைக்கிறது. “சர்க்கரை போடலாமா?” என்று சமையற்கட்டுக்குப் போகுமுன் தனியே கேட்டுவிடுவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகியிருக்கிறது. கேள்வி கூடாது என்ற பழைய விதிக்கு இது தேவையான விலக்கு.

சமைத்தவர் ‘ஏதோ வீட்டுல இருந்ததை வச்சேன்’ என்று தாழ்த்திச் சொல்வதும், விருந்தினர் ஒரு பதார்த்தத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டி இரண்டாம் முறை கேட்டு வாங்குவதும் எதிரெதிரே நிற்கும் மரியாதைகள். அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்கும் விருந்தினர் குறைவு. கேட்பவரை அந்த வீடு மறப்பதில்லை.

கேட்கத் தகாதவை

தங்க வந்தவரிடம் ‘எப்போ ஊருக்கு?’ என்று கேட்பதில்லை. வெளியே கிளம்புபவரிடம் ‘எங்கே போறீங்க?’ என்னாமல் ‘தூரமா?’ என்று கேட்பது பழைய வழக்கம். சாவுச் செய்தி கையில் இருந்தால், வந்தவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அதை அடக்கிவைப்பதும் உண்டு.

ஆனால் நம் வீடுகளில் தாராளமாகப் புழங்கும் சில கேள்விகள் இந்த நயத்துக்கே எதிரானவை. புதுமணத் தம்பதியிடம் ‘விசேஷம் ஏதாவது உண்டா?’, முப்பதைத் தாண்டிய பெண்ணிடம் ‘எப்போ கல்யாணச் சாப்பாடு?’, வேலை இழந்தவரிடம் சம்பளம், தேர்வெழுதிய பிள்ளையிடம் மற்ற பிள்ளைகள் நடுவே மதிப்பெண். அக்கறையாகவே கேட்கப்பட்டாலும், இவை சொல்ல விரும்பாததைச் சொல்ல வைக்கின்றன. நலம் விசாரிப்பது என்ற பெயரில் இவற்றை நியாயப்படுத்த முடியாது.

விலக்கப்பட்டவர்கள்

தமிழ் விருந்தோம்பல் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைத்ததில்லை. சாதி பார்த்து ஒருவரைக் கூடத்தில் அமர்த்தி, இன்னொருவரைத் திண்ணையில் இருத்தி, வேறொருவரை வாசலிலேயே நிறுத்திய வீடுகள் ஏராளம். தனிக் குவளை வைத்திருந்த வீடுகளும் உண்டு. வயது முதிர்ந்த உழைப்பாளியைச் சிறுவன்கூட ‘வா, போ’ என்று ஒருமையில் அழைத்த பேச்சும் இந்த வழக்கின் பகுதியே. ‘நீங்க எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?’ என்ற இனிய விசாரிப்புக்குள் சாதியைத் துழாவும் பழக்கம் நகரங்களிலும் தொடர்கிறது. கேட்கப்படுபவருக்கு அதன் உள்நோக்கம் உடனே புரிந்துவிடும்.

கணவன் பிரிந்திருந்தபோது விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்தேன் என்று சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கண்ணகி வருந்துகிறாள். விருந்தோம்பும் உரிமையைத் தாம்பத்தியத்தோடு கட்டிவைத்த மனப்போக்கு அது. விடைபெறும் பெண்களுக்குக் குங்குமமும் தாம்பூலமும் தரும்போது கணவனை இழந்தவரைக் கடந்துபோகும் பழக்கத்தில் அதன் நிழல் தெரிகிறது. இப்போது எல்லாருக்கும் ஒன்றுபோலத் தட்டை நீட்டும் வீடுகள் கூடிவருகின்றன.

விடைபெறுதல்

‘போறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘போயிட்டு வரேன்’ அல்லது வெறும் ‘வரேன்’. யாழ்ப்பாணத்தில் ‘போயிட்டு வாறன்’. இதற்கு முற்றிலும் மாறானது துக்க வீடு. அங்கே வந்தவரை ‘வாங்க’ என்று அழைப்பதில்லை. கிளம்புபவரும் ‘வரேன்’ என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவார். இப்படிச் சாவு நடந்த வீட்டுக்குத் திரும்ப வரும் நிலை வேண்டாம் என்பது இதன் உட்பொருள். மற்ற நாள்களில் பெருங்குற்றமான மௌனம் அன்று மரியாதை ஆகிறது.

மொழியியல் ஆய்வில்

பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் நூலாகவும் வெளியிட்ட மரியாதைக் கோட்பாடு மொழியியலில் பெரும் செல்வாக்குப் பெற்றது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், தமிழ். தமிழ்த் தரவுகள் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் திரட்டப்பட்டவை. ஒவ்வொருவருக்கும் காக்கப்பட வேண்டிய ‘முகம்’ உண்டு. பிறர் தன்னை விரும்ப வேண்டும் என்பது அதன் ஒரு பக்கம், தன்மீது எதையும் திணிக்கக்கூடாது என்பது மறுபக்கம் என்கிறது அக்கோட்பாடு. தமிழ்ப் பந்தி முதல் பக்கத்துக்கே அதிக எடை தருகிறது. இரண்டாம் கரண்டி சாதத்தைத் திணிப்பவரை நாம் மரியாதையற்றவர் என்று நினைப்பதில்லை. கேட்காமல் கடந்துபோகிறவரைத்தான் நினைக்கிறோம்.