கிடாய் வழி வந்தால் ஒன்று, பெட்டை வழி வந்தால் ஒன்று

ஆட்டுக்குட்டிக்குத் தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். ஒரே குணம் எந்தப் பக்கம் வந்தால் என்ன, ரெண்டும் ஒண்ணுதானே? விஞ்ஞானிகளும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள்.

1983-ம் ஆண்டு, அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலம். அங்கே 'சாலிட் கோல்டு' என்று பேர் வைத்த ஒரு டார்செட் செம்மறிக் கிடாயின் வம்சத்தில் ஒரு புதுமை தெரிந்தது. குட்டி பிறக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். ஒரு மாசம் போல ஆனதும் பின்தொடையும் புட்டமும் சதை வைத்துத் திரளும். கொழுப்போ குறைவு. கறிக்கு ஆடு வளர்ப்பவருக்கு வேறென்ன வேணும்?

ஆனால் இனப்பெருக்கம் செய்தபோது கணக்கு உதைத்தது. திரண்ட கிடாயைச் சாதாரணப் பெட்டையோடு சேர்த்தால் பாதிக் குட்டிகள் திரளும். திரண்ட பெட்டையைச் சாதாரணக் கிடாயோடு சேர்த்தால் ஒன்றுகூடத் திரளாது. சரி, ரெண்டையும் நல்லதாகவே பார்த்துச் சேர்ப்போம் என்றால், கால்வாசிக் குட்டிதான் தேறும்! நல்லதோடு நல்லதைச் சேர்த்தால் பலன் குறைகிறது, பாருங்க.

யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்து நோயல் காக்கெட் அம்மையாரும், பெல்ஜியத்து மிஷேல் ஜார்ஜும், கூட உழைத்தவர்களும் 1996-ல் முடிச்சை அவிழ்த்தார்கள். மாறிய மரபணு தகப்பனிடமிருந்து மட்டும் வரவேண்டும். தாய் தருவது மாறாததாக இருக்கவேண்டும். இருவரும் மாறியதையே தந்தால் தொடை திரளாது. 2002-ல் மாற்றமும் அகப்பட்டது: மரபுச் செய்தியில் ஒரே ஒரு எழுத்து.

எந்தப் பக்கத்துச் சரக்கு என்று உடம்புக்கு எப்படித் தெரியும்? விந்திலும் முட்டையிலும் சில மரபணுக்களின் பக்கத்தில் 'மெத்தில்' என்ற சிறு ரசாயன முத்திரை விழுகிறது. முத்திரையைப் பொறுத்து மரபணு வேலை செய்யும், அல்லது தூங்கும். கிடாய்க்குட்டி தன் தாயிடம் வாங்கியதைத் தன் விந்தில் கொடுக்கும்போது பழைய முத்திரை அழிந்து தகப்பன் முத்திரை விழும். அதனால்தான் பார்வைக்கு ஒண்ணுமில்லாத கிடாயும் திரண்ட குட்டியைத் தரமுடிகிறது. முத்திரைக்கு மெத்தில் அவசியம் என்பது 1993-ல் எலிகளில் நிரூபணமானது.

இவ்வளவுக்கும் பிறகு கறி என்னாச்சு என்கிறீர்களா? முதுகுக்கறி வேகவைத்தாலும் கடினம். அறுத்த பிறகு கறியை மிருதுவாக்கும் நொதியைத் தடுக்கும் பொருள் அந்த ஆடுகளின் சதையில் அதிகம். அதனால் சந்தையில் எடுபடவில்லை.