இரும்பைப் பார்த்த கண்!

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகிற வழியில் இருக்கிறது திருப்பாச்சூர். அங்கே வாசீஸ்வரர் கோயில். மூங்கில் காட்டில் 'வாசி' என்ற கருவியால் தோண்டியபோது, மண்ணுக்குள் இருந்த லிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் பீறிட்டதாம். தலபுராணக் கதை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கருவியை இறக்கினால் வேறென்ன நடக்கும்? டாக்டர்களுக்கும் ரொம்ப காலம் இதே சங்கடம்தான்.

மணிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டை விரலை இயக்கும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் புகுந்து போகின்றன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த உறை தடித்துவிடலாம். அப்புறம் டம்ளரைத் தூக்கினால்கூட உயிர் போகும். நம் வீடுகளில் 'சுளுக்கு' என்று எண்ணெய் தடவி உருவி விடுவார்கள். வெள்ளைக்காரர்கள் மட்டும் என்ன... 'சலவைக்காரி சுளுக்கு' என்றார்கள். துணி பிழிகிற கை அல்லவா!

1895-ல் ஃப்ரிட்ஸ் தெ கெர்வேன் என்ற சுவிஸ் சர்ஜன், ஐந்து பேரைப் பார்த்த அனுபவத்தில் இதைத் தனி நோயாக எழுதினார். அவர் வேலை பார்த்த லா ஷோ-தெ-ஃபோன், கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். வைத்தியம்? தோலைக் கீறி, உறையைத் திறந்துவிடுவது. 1950-களில் ஸ்டீராய்டு ஊசி வந்து பலரைக் கத்தியிலிருந்து காப்பாற்றியது. ஆனால், ஊசி போட்டதென்னவோ குத்துமதிப்பாகத்தான். சிலருக்கு அந்த உறைக்கு நடுவே ஒரு தடுப்புச் சுவர் உண்டு. மருந்து ஓர் அறையில், வலி அடுத்த அறையில்!

இதற்குக் கண் கொடுத்தது யார் தெரியுமா? ஒரு பாய்லர் கம்பெனி. 1955-ல் கிளாஸ்கோவின் மகப்பேறு பேராசிரியர் இயன் டொனால்ட், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு பாப்காக் அண்ட் வில்காக்ஸ் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் விரிசல் தேடுகிற ஒலியலைக் கருவியில் அவற்றைச் சோதித்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும்! 1958-ல் 'லான்செட்' இதழில் அவர் குழுவின் கட்டுரை வந்தது. அல்ட்ராசவுண்ட் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது இப்படித்தான்.

இன்று திரையைப் பார்த்துக்கொண்டே, சரியான அறைக்குள் ஊசியை இறக்குகிறார்கள். மருந்துக்கு மசியாத உறையை, ஊசி முனையாலேயே திறந்துவிடுகிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் இது தேவைப்படாது. ஆரம்பத்திலேயே போனால் கட்டை விரலுக்கு ஒரு பட்டையும் ஓய்வும் போதும்.

சிக்கலே அந்த 'ஆரம்பத்திலேயே'தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், காக்களூர் எஸ்டேட்டில் ஸ்பானர் பிடிக்கிறவர், பச்சைக் குழந்தையைத் தூக்குகிற இளம் தாய்... 'தானா சரியாயிடும்' என்று எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்! பாய்லரில் விரிசல் என்றால் சும்மா விடுவோமா? வலி விடாவிட்டால் டாக்டரிடம் கையை நீட்டுங்கள். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால், விதிப்படி நோய் விடுப்புக்குக் கூலியில் ஒரு பங்கும் உண்டு. கார்டு பர்ஸிலேயே தூங்க வேண்டாம்!