பயிற்சி யாருக்கு? காது கேளாக் குழந்தைகளின் ஆசிரியர் பயிற்சி வரலாற்றில் ஒரு விலக்கல்

காது கேளாக் குழந்தைகளின் கல்வி வரலாறு பெரும்பாலும் வாய்மொழி முறைக்கும் சைகைமொழி முறைக்கும் இடையிலான பூசலாகவே எழுதப்பட்டுள்ளது. ஆசிரியராகப் பயிற்சி பெறும் உரிமை யாருக்கு அளிக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வினா அதற்குள் அடங்கிப்போகிறது. அவ்வினாவை அமெரிக்கச் சான்றுகளை முதன்மையாகக் கொண்டும், இந்தியத் தொடர்பைச் சுட்டியும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கற்பிக்கும் முறையை அறிந்துவர 1815இல் இங்கிலாந்து சென்றார் தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட். பிரெயிட்வுட் குடும்பத்தார் தம் முறையைத் தொழில் இரகசியமாகக் காத்துவந்தனர். அவர்கள் விதித்த நிபந்தனைகளை அவரால் ஏற்க இயலவில்லை. பாரிஸ் பள்ளி அவருக்குக் கதவு திறந்தது. அங்கு அவருக்குக் கற்பித்த மாசியூ, லோரான் கிளேர் இருவருமே காது கேளாதோர். கிளேரை உடன் அழைத்துவந்து 1817இல் ஹார்ட்ஃபோர்டில் அவர் பள்ளி தொடங்கினார். பிற மாநிலங்களில் பள்ளி தொடங்க முனைந்தோர் ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தே தொழில் கற்றனர். ஆக, அமெரிக்காவில் இத்துறையின் முதல் ஆசிரியப் பயிற்சி, காது கேளாதவர் கேட்போருக்கு அளித்த பயிற்சியே ஆகும்.

1870 அளவில் அந்நாட்டில் இத்துறை ஆசிரியருள் ஐவரில் இருவர் காது கேளாதோர். முதல் உலகப்போர்க் காலத்தில் அது ஏறத்தாழ ஏழில் ஒருவராகச் சுருங்கியது. இச்சரிவுக்கு 1880ஆம் ஆண்டின் மிலான் மாநாட்டைக் காரணம் காட்டுவது வழக்கம். வாய்மொழி முறையே மேலானது எனத் தீர்மானித்த அம்மாநாட்டின் 164 பேராளர்களுள் காது கேளாதவர் ஜேம்ஸ் டெனிசன் ஒருவரே. எனினும் மிலானை மட்டும் சுட்டுவது போதாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தீர்மானம் முறையைத்தான் மாற்றக்கூடும். ஆளை மாற்றுவது பயிற்சிக்கான சேர்க்கை விதியே.

அதற்குச் சான்று 1891ஆம் ஆண்டு நிகழ்வு. வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூரியின் தலைவராக இருந்த எட்வர்ட் மைனர் காலடெட், அங்கே ஆசிரியப் பயிற்சி வகுப்பொன்றைத் தொடங்க அரசிடம் நிதி கோரினார். அலெக்சாண்டர் கிரகாம் பெல் அதை எதிர்த்தார். காது கேளாதோரும் அவ்வகுப்பால் ஆசிரியராகிவிடுவர் என்பது அவரது அச்சம். காது கேளாதோர் தம்முள் மணம் புரிவதைக் குறைக்க அத்தகைய ஆசிரியர்களை விலக்க வேண்டும் என்பதை அவர் 1883இலேயே எழுதியிருந்தார். (இருவருமே கேளாத் தாய்மாரின் பிள்ளைகள் என்பதும் இங்குக் கருதத்தக்கது.) வகுப்பு தொடங்கத்தான் செய்தது. ஆனால் சேர்க்கப்பட்டோர் செவிப்புலன் உடையோர் மட்டுமே. காது கேளாதோருக்கென எழுந்த கல்லூரியிலேயே, அக்கல்லூரியின் பட்டதாரிகளுக்கு அவ்வகுப்பில் இடமில்லை! சைகைமொழியின் காவலர் எனப் போற்றப்படும் காலடெட் இவ்விலக்கலை ஏற்றார் என்பதை வரலாற்று நூல்கள் பல மெல்லக் கடந்துவிடுகின்றன.

1893இல் தொடங்கிய கல்கத்தா பள்ளியின் நிறுவனர்களுள் ஒருவரான யாமினிநாத் பானர்ஜி, அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலும் பின்னர் இதே வாஷிங்டன் கல்லூரியிலும் பயிற்சி பெற்றுத் திரும்பினார். பின்னாளில் கல்கத்தா பள்ளி இந்தியாவில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் இடமாகவும் விளங்கியது. பாளையங்கோட்டையில் 1897இல் பள்ளி தொடங்கிய ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் கைமுறைகளைப் பயன்படுத்தினார் என்பது இதனோடு ஒப்பிடத்தக்கது.

பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் இல்லத்தை கேரட் சகோதரியர் ஃபிலடெல்ஃபியாவில் 1892இல் நிறுவினர். ஆசிரியப் பயிற்சியில் விலக்கல் நிலைபெற்ற காலமும் இளங்குழவிக் கல்வி வேர்கொண்ட காலமும் ஒன்றாக அமைந்தன. இதன் விளைவு சிறிதன்று. காது கேளாக் குழந்தைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேல் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. வீட்டிலும் வகுப்பிலும் காது கேளாத பெரியவர் ஒருவரையேனும் காணாமல் அக்குழந்தை வளர்ந்தது; தன் பிள்ளை வளர்ந்தால் எப்படி வாழும் என்பதைக் கண்முன் காணும் வாய்ப்பு பெற்றோருக்கும் இல்லாது போயிற்று.

1990களுக்குப் பின் பிறந்த குழந்தைக்கே செவித்திறன் சோதனை செய்யும் வழக்கம் பரவ, பயிற்சி பெற்றவர் வகுப்பறையை விட்டு வீட்டுக்குச் செல்ல வேண்டியவரானார். தாய்க்கு வழிகாட்டுவதே அவரது முதற்பணி ஆயிற்று. காது கேளாதோரின் பங்கு மீண்டும் பேசப்பட்டது இச்சூழலில்தான். அமெரிக்காவின் குழவிச் செவித்திறன் கூட்டுக்குழு 2013இல் வெளியிட்ட அறிக்கை, குடும்பங்களுக்குக் காது கேளாத பெரியவர்களின் துணை கிடைக்க வேண்டும் என்பதைத் தன் இலக்குகளுள் ஒன்றாக வைத்தது. இந்தியாவில் 2015இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் காது கேளாதோரைச் சைகைமொழி ஆசிரியராக்கும் பட்டயப் படிப்பை நடத்துகிறது. இளங்குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர் பட்டயமோ இன்றும் வேறொரு படிப்பு. அதன் சேர்க்கைப் பதிவேடுகளே இவ்வாய்வில் அடுத்து நோக்கப்பட வேண்டிய ஆவணங்கள்.