சித்திரக்கிரீவன் பெற்ற பதக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் குழந்தைகளுக்கென்றே புத்தகங்களை அச்சிட்டு விற்று, அவர்களுக்கு உபதேசத்தோடு உல்லாசமும் வேண்டும் என்று நிலைநாட்டியவர் ஜான் நியூபெரி. அவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், 1921-இல், அமெரிக்கப் பத்திரிகாசிரியரான பிரெடரிக் மெல்ச்சர், அந்நாட்டு நூலகச் சங்கத்தின் மகாநாட்டில், சிறுவர் இலக்கியத்தில் ஆண்டுதோறும் தலைசிறந்து விளங்கும் நூலின் ஆசிரியருக்கு நியூபெரியின் பெயரால் ஒரு பதக்கம் வழங்கவேண்டுமென்று பிரேரேபித்தார். மறு ஆண்டே முதற்பதக்கம் வான் லூன் எழுதிய மனிதகுல சரித்திரத்துக்கும், அதற்கடுத்த ஆண்டு ஹ்யூ லாஃப்டிங்கின் டாக்டர் டூலிட்டில் நாவலுக்கும் கிடைத்தன.

நமக்கு விசேஷமானது 1928. கல்கத்தாவுக்கு அருகே 1890-இல் பிறந்து, ஜப்பான் வழியாக அமெரிக்கா சென்று, வறுமையோடு போராடிக் கல்வி பயின்ற தன கோபால் முகர்ஜிக்கு அவ்வாண்டுப் பதக்கம் கிடைத்தது. அவருடைய தமையனார் ஜாதுகோபால் முகர்ஜியோ வங்கத்துப் புரட்சி இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர். இந்தியர் அமெரிக்கப் பிரஜைகளாக அருகதையற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-இல் தீர்ப்பளித்திருக்க, ஐந்தே ஆண்டுகளில் அதே நாட்டு நூலகர்கள் தங்கள் பெருஞ்சிறப்பை ஓர் இந்தியருக்கு அளித்தார்கள் என்பதை எண்ணும்போது, இலக்கியத்தின் நீதி சட்டத்தின் நீதியை முந்திச் சென்றதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அவருக்குப் பதக்கம் பெற்றுத் தந்த நாவலின் நாயகன் ஒரு புறா. பஞ்சதந்திரத்தில் வலையோடு வானில் எழுந்த புறாவரசனின் பெயரே, சித்திரக்கிரீவன் என்பதே, அதற்கும் பெயர். கல்கத்தாவில் ஒரு சிறுவன் அதை வளர்த்துப் பழக்குகிறான். இமயத்தின் சாரல்களில் அது பருந்துகளுக்குத் தப்பிப் பறக்கக் கற்கிறது. பின்னர் முதல் உலக யுத்தத்தில், கோண்ட் என்னும் முதிய வேட்டைக்காரனோடு பிரான்ஸ் தேசத்துப் போர்முனைக்குச் சென்று, இந்தியச் சேனைக்குச் செய்தி சுமக்கிறது. சாகசக் கதையாயின் அங்கேயே வெற்றி முழக்கத்தோடு முடிந்திருக்கும். முகர்ஜியோ, காயம் ஆறிய பின்னும் அச்சம் ஆறாமல், சிறகிருந்தும் பறக்க மனமில்லாத பறவையாக அதை வீடு திரும்பச் செய்கிறார். யுத்தத்தால் மனம் புண்பட்ட கோண்டும் அந்தப் புறாவும் இமயத்துப் பௌத்த மடத்தில் அடைக்கலம் புகுந்து, லாமாக்களின் தியானத்தாலும் அன்பாலும் அச்சமும் துவேஷமும் நீங்கப்பெறுகிறார்கள். போரின் வீரத்தைச் சிறுவருக்குச் சொன்ன நூல்கள் அநேகம். போர் ஓய்ந்தபின் நெஞ்சில் எஞ்சும் பயத்தைக் குறித்து, அந்நாவல் வெளிவந்த 1927-லேயே, குழந்தைகளிடம் இவ்வளவு மரியாதையோடு பேசிய வேறொரு நாவலை நான் வாசித்ததில்லை.