தீப்பெட்டி லேபிள்ல இருந்து ஃபோர் கே மானிட்டர் வரை: புள்ளிகளோட கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: மானிட்டர் வாங்கும்போது எந்த ரெசல்யூஷன் எடுக்கிறது? இதுக்குப் பதில் சொல்ல நான் உங்களை எலக்ட்ரானிக்ஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போகப் போறதில்லை, சிவகாசிக்குத்தான் போறோம்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கத்துக்க கல்கத்தாவுக்குப் போனாங்க. அவங்க திரும்பி வந்து ஆரம்பிச்ச தொழில் வளர வளர, பெட்டிக்கு மேல ஒட்ட லேபிள் தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் சிவகாசியை அச்சு ஊராகவும் மாத்தினது. தீப்பெட்டி லேபிள் நம்ம உள்ளங்கையில பாதிகூட இருக்காது. அதுக்குள்ள ஒரு புலி, ஒரு பேரு, கம்பெனி முகவரி எல்லாம் தெளிவாத் தெரியணும்.

அச்சுல நிறம் மங்கலாவோ அழுத்தமாவோ தெரியறது புள்ளிகளோட வேலை. ஒரு இன்ச்சுக்குள்ள எத்தனை வரிசைப் புள்ளி வைக்கிறதுங்கிறதை அச்சுக்காரங்க 'ஸ்கிரீன்'னு சொல்வாங்க. நியூஸ் பேப்பர் தாள்ல மை பரவும், அதனால இன்ச்சுக்கு 85 வரிசை மாதிரி பெரிய புள்ளி. வழவழப்பான ஆர்ட் பேப்பர்னா 150, 175 வரை போகலாம். தூரத்துல இருந்து பார்க்கிற பெரிய போர்டுக்கு இன்னும் பெரிய புள்ளியே போதும். எதுல அச்சடிக்கிறோம், எவ்வளவு தூரத்துல இருந்து பார்ப்பாங்க, எவ்வளவு சின்ன எழுத்து இருக்கு? இந்த மூணையும் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க.

இப்போ கம்ப்யூட்டருக்கு வருவோம். 1981-ல் ஐபிஎம் பிசியோட வந்த கலர் கிராஃபிக்ஸ் கார்டுல ஒரு எழுத்துக்குக் கிடைச்ச இடம் 8-க்கு 8 பிக்சல். ஆங்கில எழுத்துக்கு அது போதும். நம்ம மூணு சுழி 'ண'வை அந்த எட்டுக் கட்டத்துக்குள்ள வரைஞ்சு பாருங்க. ஒவ்வொரு சுழிக்கும் கோடு வேணும், நடுவுல ஓட்டை வேணும். மேல புள்ளி வைக்கவும், கீழ 'ணு'வோட கால் இறங்கவும் தனியா இடம் வேணும். எட்டுக்குள்ள அது அடங்கவே அடங்காது. 1980-கள்ல ஐஐடி கான்பூர்ல உருவாகி, அப்புறம் புனே சி-டாக் வளர்த்த 'ஜிஸ்ட்' தொழில்நுட்பம் இந்திய எழுத்துகளைத் திரையில காட்ட பிசிக்குள்ள தனியா ஒரு கார்டே செருக வேண்டியிருந்தது. 1987-ல் விஜிஏ வந்து 640-க்கு 480 ஆச்சு. அதுக்கப்புறம் 1024-க்கு 768, 1366-க்கு 768, ஃபுல் ஹெச்டி 1920-க்கு 1080-னு ஏறிட்டே வந்தோம்.

விருதுநகர்ல இருந்து சிவகாசி போற ரோட்டுல ஆமத்தூர்னு ஒரு ஊர். அங்க என் சித்தி மகன் வீட்ல இருந்தே காலண்டருக்கு டிசைன் பண்றான். "அண்ணே, 27 இன்ச்ல ஃபுல் ஹெச்டி மலிவா இருக்கு. அது போதுமா, இல்ல கடன் வாங்கி ஃபோர் கே எடுக்கவா?"ன்னு கேட்டான். தினசரி காலண்டர் தாள்ல ராகுகாலம், நட்சத்திரம் எல்லாம் பொடி எழுத்து. ஒரு புள்ளி விட்டுப்போனது பிளேட் போட்ட பிறகு தெரிஞ்சா, அச்சான தாள் மொத்தமும் வீண்.

அவனுக்காக ஒரு கணக்குப் போட்டேன். 27 இன்ச் ஃபுல் ஹெச்டியில இன்ச்சுக்கு சுமார் 82 பிக்சல். 9 பாயின்ட் எழுத்தை அசல் அளவுல பார்த்தா அதோட உயரம் வெறும் 10 பிக்சல். அதாவது 1981-ஓட எட்டுக் கட்டத்துக்குப் பக்கத்துலயே நிக்கிறோம்! அதே 27 இன்ச்ல 2560-க்கு 1440, கடைக்காரர் பாஷையில க்யூஹெச்டி, எடுத்தா இன்ச்சுக்கு 109, எழுத்துக்கு 14 பிக்சல் கிடைக்கும். ஃபோர் கேன்னா இன்ச்சுக்கு 163, எழுத்துக்கு 20. இரண்டடி தூரத்துல உட்கார்ந்தா, இன்ச்சுக்கு 145-ஐத் தாண்டினதும் சராசரிக் கண்ணுக்குத் தனிப் பிக்சல் தெரியாது. அதுக்கு மேல குடுக்கிற காசுக்குப் பலன் குறைஞ்சுக்கிட்டே போகும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. அச்சுக்குப் போற ஒரு ஏ4 பக்கம், இன்ச்சுக்கு 300 வச்சா, சுமார் 87 லட்சம் பிக்சல். ஃபோர் கே திரை முழுசும் சேர்த்தே 83 லட்சம்தான். எந்த மானிட்டர் வாங்கினாலும் ஜூம் பண்ணித்தான் சரிபார்க்கணும், கடைசியில தாள்ல ப்ரூஃப் எடுத்துத்தான் ஆகணும். அதனால அவன்கிட்ட, "கடன் வேண்டாம்டா, 27-ல க்யூஹெச்டி எடு"ன்னு சொன்னேன்.

உங்களுக்கும் இதே மூணு கேள்விதான். படமும் பொது வேலையும்னா 24 இன்ச்ல ஃபுல் ஹெச்டி போதும். நாள் முழுக்கத் தமிழ் படிக்கிற, எழுதுற ஆளா இருந்து, கையில காசும் இருந்தா 27-ல ஃபோர் கே எடுங்க. செட்டிங்ஸ்ல ஸ்கேலிங்கை 150 சதவீதம் வச்சுக்கங்க. எழுத்து சின்னதாத் தெரியுதுன்னு ரெசல்யூஷனைக் குறைச்சிடாதீங்க. எல்சிடி திரை அதோட சொந்த அளவுல ஓடலைன்னா எழுத்து மங்கிப்போயிடும். கேம் ஆடுறவங்க ஒண்ணு கவனிங்க, ஃபுல் ஹெச்டியை விட ஃபோர் கேல பிக்சல் நாலு மடங்கு, கிராஃபிக்ஸ் கார்டு அதைத் தாங்கணும். ரெசல்யூஷன் கூடினா நிறம் துல்லியமாயிடும்னும் நினைக்காதீங்க, அது வேற கணக்கு.

கடைக்குப் போனா டெமோ வீடியோவைப் பார்த்து மயங்காம, ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்க. நீங்க வழக்கமா உட்காருற தூரத்துல நின்னு, ரெண்டு சுழி 'ன'வும் மூணு சுழி 'ண'வும் கண்ணைச் சுருக்காம பிரிஞ்சு தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா அந்தத் திரை உங்களுக்குச் சரி. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.